பொருந்தவில்லை

ஞாயிறு மாலை, குழித்துறை வாவுபலித் திடலில் விழா.
மடல் எழுத என்னிடம் வந்தார்கள்.
"சாருக்கு அச்சுப்போலக் கையெழுத்து,
தமிழும் நல்லா வரும்."
வரும்தான். அந்தக் கையெழுத்தை
லீதியாளுக்கும் தெரியும்.

விளவங்கோடு தாலுகா ஆபீஸ், வழங்கல் பிரிவு.
பதினொரு வருடம் மூன்றாம் மேசை.
ஜன்னலுக்கு வெளியே அவள் தலை தெரிந்தாலே
தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.
திரும்பி வரும்போதும் நிற்பாள்,
நனைந்த குடையைச் சுவரில் சாத்தி.
பின்னால் நாலைந்து பெண்கள்,
எல்லோருக்கும் விரல்நுனி கறுத்து.

புதுக்கடை அண்டியாப்பீஸில்
தோடு உடைக்கிறவர்கள்.
தோட்டின் எண்ணெய் தோலைத் தின்னும்;
வருடக்கணக்கில் தின்று
ரேகையையும் தின்று முடித்திருந்தது.
ரேஷன் கடை மெஷினில் பெருவிரல் வைத்தால்
சிவப்பு விளக்கு: பொருந்தவில்லை.
துடைத்து வை. பொருந்தவில்லை.
தேங்காயெண்ணெய் தடவி வை. பொருந்தவில்லை.
அடுத்த ஆள் வா.

"தின்ன வாய் இருக்கு சாரே,
வெரலுதான் இல்ல" என்றாள் முதல் நாள்.
நான் சிரித்தேன்.
சிரித்துவிட்டு மனுவின் ஓரத்தில்
நீல மையில், அச்சுப்போல,
'விதிகளில் இடமில்லை' என்று எழுதினேன்.

அடுத்த மாதம் விதியையே கொண்டுவந்தாள்.
எட்டாம் வகுப்போடு நின்றவள்
ஒரு பத்திக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.
ரேகை பதியாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி
அரிசி கொடுக்கலாமாம்.
பதினொரு வருடத்தில் நான் புரட்டாத பக்கம்.
'மேலிடத் தெளிவுரை வேண்டும்' என்று எழுதினேன்.

பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள்.
கல் உடைக்கும் சுயம்புலிங்கம்,
தேங்காய்ப்பட்டணத்தில் கயிறு திரிக்கும் மைமூன்,
விரல்களே மிஞ்சாத ஆசீர்வாதம்,
அவருக்கென்று யாரும் வரிசையில்
கொஞ்சம் தள்ளி விட்டிருந்த இடத்தில்
லீதியாள் ஒட்டி நின்றாள்.
"இவங்கெல்லாம் உங்க ஆபீஸா?"
"இல்ல. எனக்க பொறத்த நின்னாவ."

நாற்பத்தொரு மனு.
நாற்பத்தொரு முறை என் அழகான எழுத்து.
நாற்பத்திரண்டாவதைத்
தாசில்தார் நேரே வாங்கிக்கொண்டார்,
அன்று நான் விடுப்பு.

இப்போது மடல்.
'தன்னலமற்ற' என்று தொடங்கினேன்.
பொருந்தவில்லை. முதல் மனுவே
அவள் சொந்த அட்டைக்குத்தான்,
அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.
'அஞ்சா நெஞ்சம்'. பொருந்தவில்லை.
குடைப்பிடியில் அந்தக் கை நடுங்குவதை
நாற்பத்தொரு முறை பார்த்தவன் நான்.
'ஏழைகளின் விளக்கு' என்று எழுதியதும்
எனக்குச் சிவப்பாகத்தான் எரிந்தது. அடித்துவிட்டேன்.

கடைசியில் தேதிகளை எழுதினேன்.
மனு கொடுத்த தேதி, மறுத்த தேதி,
அந்த மாதம் அரிசி இல்லாத வீடுகள்.
அடியில்: மறுத்தவர், இதை வாசிப்பவர்.

ராட்டினச் சத்தத்தில் எத்தனை பேர் கேட்டார்களோ.
விழாக் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.
யாரோ பழக்கத்தில் கைதட்டி, நடுவில் நிறுத்தினார்கள்.
பணமுடிப்புக்கு ஒப்புதல் வாங்கப் பொருளாளர்
மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.
அவள் என் சட்டைப்பையிலிருந்து
பேனாவை எடுத்துக்கொண்டாள்.
லீ. நிறுத்தி. தி. யா. ள்.

மேடை இறங்கும்போது சொன்னாள்:
"நல்ல எழுத்து சாரே.
மைமூனுக்க பென்சனுக்கு ஒரு மனு எழுதணும்.
நாளைக்கு வருவியளா?"
மன்னித்தாளா என்று கேட்க
அதில் இடமே இல்லை.

திங்கள் காலை, மழை.
அந்த ஜன்னலின் வெளிப்பக்கம் நின்றேன், முதல்முறை.
இவ்வளவு உயரமென்று தெரியாது.
எம்பினால்தான் மேசை தெரிகிறது.
மூன்றாம் மேசையில் ஆளில்லை.
தேநீர் குடிக்கப் போயிருக்கிறாராம்.

லீதியாள் குடையை மடக்கிச்
சுவரில் சாத்தினாள்.
நானும்.